நெல்லிக்கனியும் இலக்கணமும்

பள்ளிப் பாடநூல்களில் கதை ஒன்று முடிந்தவுடன் 'பயிற்சி' என்னும் பகுதி தொடங்கும். அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதுக. உவமையை எடுத்துக் காட்டுக. இலக்கணக் குறிப்புத் தருக. பகுபத உறுப்புகளைப் பிரித்து விளக்குக என்று அப்பகுதி மாணவரை வினவும். கதையைப் படித்தபோது மலர்ந்திருந்த முகங்கள், அப்பக்கத்தைக் கண்டதும் வாடிவிடுகின்றன. கதை விருந்து என்றும், பயிற்சி விருந்துக்குப்பின் உண்ண வேண்டிய மருந்து என்றும் பிள்ளைகள் எண்ணிக்கொள்கின்றனர்.

இதுபற்றி அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உண்டு. கதையைக் கதையாகவே விட்டுவிட வேண்டும், மலரைப் பிய்த்து இதழ்களை எண்ணினால் மணம் போய்விடும் என்பார் ஒருசாரார். இலக்கணம் தனியே ஒழுங்காகக் கற்க வேண்டிய துறை, அதனைக் கதையோடு சேர்த்தால் இரண்டும் அரைகுறையாக முடியும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துகளும் கதை வேறு, இலக்கணம் வேறு என்னும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. அவ்வெண்ணமே பிழையுடையது என்பது என் கருத்து. சொல்லும் அணியும் இலக்கணமும் கதைக்கு வெளியே நிற்பவை அல்ல. அவற்றை அறியாமல் படிப்பவர் கதையைப் பாதியே படித்தவர் ஆவர். வரலாற்றுக் கதைகளில் இவ்வுண்மை மிகவும் தெளிவாக விளங்கும். தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டறிந்த ஒரு கதையைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

இன்று தருமபுரி எனப்படும் ஊர் பண்டைக் காலத்தில் தகடூர் எனப்பட்டது. அதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட குறுநில மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக அவனைச் சிறுபாணாற்றுப்படை போற்றுகின்றது. ஏறுதற்கரிய பெருமலை ஒன்றின் பிளவிலே நின்ற நெல்லி மரத்தின் கனி ஒன்று அவனுக்குக் கிடைத்தது. அதனை உண்டவர் நெடுநாள் வாழ்வர் என்பது அக்கால மக்களின் நம்பிக்கை. மன்னன் அக்கனியைத் தான் உண்ணவில்லை. தன் அவைக்கு வந்திருந்த ஔவையார்க்கு அதனைக் கொடுத்தான். கொடுக்கும்போது அதன் பெருமையைச் சொல்லவும் இல்லை. சொன்னால் ஔவையார் உண்ண மறுப்பார் என்று எண்ணினான் போலும். அவர் உண்ட பின்னரே உண்மை தெரியவந்தது. ஔவையார் உள்ளம் நெகிழ்ந்து அவனை வாழ்த்திப் பாடினார். அப்பாட்டு இன்றும் புறநானூற்றில் உள்ளது.

கதை இவ்வளவே. இனிப் பயிற்சிக்கு வருவோம்.

முதலில் சொற்களைக் காண்போம். சந்தையில் நாம் நெல்லிக்காய் என்றே கேட்டு வாங்குகிறோம். முதிர்ந்த நெல்லியையும் காய் என்றே சொல்வது உலக வழக்கு. ஆனால் கதை அதனை நெல்லிக்கனி என்கின்றது. காய் என்னும் சொல்லுக்கும் கனி என்னும் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை வினவினால், சிறுவர் தாமே விடை காண்பர். முதிர்ந்து பயன் நிறைந்த நிலையைக் குறிப்பது கனி. அப்பெருமை வாய்ந்த பொருளைக் குறிக்கக் கனி என்ற சொல்லே தகுதியானது.

அடுத்து, 'கொடுத்தான்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களும் அகராதியில் ஒரே பொருளுடையனவாகத் தோன்றும். ஆனால் ஒன்றை வேண்டிக் கேட்பவன் இச்சொற்களை ஆளும்போது அவற்றிடையே வேற்றுமை உண்டு என்று தொல்காப்பியம் விதிக்கின்றது. தாழ்ந்த நிலையில் நிற்பவன் உயர்ந்தோனிடம் 'ஈ' என்று கேட்பான். ஒத்த நிலையினன் 'தா' என்பான். உயர்ந்த நிலையினன் 'கொடு' என்பான். நன்னூலும் இவ்விதியைக் கூறுகின்றது. கேட்பவன் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லே அவன் நிற்கும் இடத்தைக் காட்டிவிடும்.

இவ்விதியை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பது எளிது. அதனைக் கதையோடு பொருத்திப் பார்ப்பதே கல்வி. 'இம்மூன்றனுள் எச்சொல்லை ஔவையார் கூறினார்?' என்று ஆசிரியர் கேட்கட்டும். பிள்ளைகள் கதையைத் திரும்பப் புரட்டுவர். ஒருவன் 'ஈ' என்பான். மற்றொருத்தி 'தா' என்பாள். சற்று நேரத்தில் யாரேனும் ஒரு குழந்தை, 'ஔவையார் ஒன்றும் கேட்கவே இல்லையே!' என்று கூவும். அதுவே விடை. அதியமான் கேளாமலே கொடுத்தான். கேட்டவர்க்குக் கொடுப்பது கொடை. கேளாதவர்க்கு, அதுவும் தன் வாழ்நாளையே கொடுப்பது அதனினும் பெரிது. இக்கதையின் உயிர்நிலை இதுவே. அதனைச் சொற்பயிற்சி ஒன்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டது. சொற்பொருள் வினா கதையைக் கெடுத்ததா, காத்ததா?

இனி, வேற்றுமையைக் காண்போம். 'அதியமான் ஔவையார்க்குக் கொடுத்த கனி' என்னும் தொடரில் 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபு இருக்கின்றது. அதனையும், அதனால் மிகுந்த ஒற்றையும் நீக்கி, 'ஔவையார் கொடுத்த கனி' என்று எழுதிப் பாருங்கள். கொடுத்தவன் மறைந்துவிட்டான், பெற்றவர் கொடுத்தவர் ஆகிவிட்டார். ஓர் உருபு போனதும் வரலாறே தலைகீழாயிற்று. வேற்றுமை என்னும் பெயரே பொருளை வேறுபடுத்துவது பற்றி வந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விதி விளக்கும்?

நான்காம் வேற்றுமையின் பொருள்களைத் தொகுத்துரைக்கும் நன்னூல், கொடை என்பதை முதலில் வைத்து, பகை என்பதை அதன்பின் வைத்துள்ளது. கொடைக்கும் பகைக்கும் உருபு ஒன்றே. 'புலவர்க்குக் கொடுத்தான்' என்பதிலும் 'பகைவர்க்குப் பகைவன்' என்பதிலும் 'கு' என்பதே வருகின்றது. பாணர்க்கும் புலவர்க்கும் வாரி வழங்கிய அதியமான் பகைவர்க்கு அஞ்சத்தக்க வீரனாகவும் விளங்கினான். ஒரே உருபு இரண்டு பொருளையும் தாங்குவதுபோல் ஒரே மனிதன் இரண்டு இயல்பையும் தாங்கினான் என்று மாணவர்க்குச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் நான்காம் வேற்றுமையை எளிதில் மறவார்.

இக்கதைக்குக் கல்லும் ஒருவகையில் சான்று பகர்கின்றது. திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பை என்னும் சிற்றூரில், 1981ஆம் ஆண்டில், பழந்தமிழ் எழுத்தாகிய தமிழ்ப் பிராமியில் பொறித்த கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடையது. அதியமான் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி என்பது அதன் செய்தி. பாளி என்பது துறவியர் தங்கும் குகை உறைவிடம். அம்மன்னனின் பெயருக்கு முன்னே 'சதியபுதோ' என்ற பட்டமும் காணப்படுகின்றது. அசோகப் பேரரசர் தம் கல்வெட்டிலே சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்போரையும் குறித்துள்ளார். அச்சத்தியபுத்திரர் யாவர் என்று நெடுங்காலம் ஆராய்ந்து வந்த அறிஞர்க்கு, ஜம்பைக் கல்வெட்டு விடை தந்தது. அவர்கள் அதியமான் மரபினரே என்று இன்று கொள்வர்.

அக்கல்வெட்டிலுள்ள 'ஈத்த' என்ற சொல்லை நோக்குங்கள். ஈ என்பது பகுதி. முதல் தகர ஒற்றுச் சந்தி. இரண்டாம் தகர ஒற்று இறந்தகால இடைநிலை. இறுதியிலுள்ள அகரம் பெயரெச்ச விகுதி. புறநானூற்றுப் பாட்டிலும் கனியைக் கொடுத்ததைக் கூற ஔவையார் இவ்வினையடியையே ஆண்டிருக்கிறார். பாட்டும் கல்லும் ஒரே வினையால் அவனை நினைக்கின்றன.

'அதியமான் பாளியை ஈத்தான்' என்று பொறித்திருந்தாலும் பொருள் விளங்கியிருக்கும். ஆயினும் பொறித்தவர் 'ஈத்த பாளி' என்றே பொறித்தார். இரண்டற்கும் வேறுபாடு என்ன? 'ஈத்தான்' என்பது வினைமுற்று. செயல் நிகழ்ந்தது, முடிந்தது என்று அது சொல்லி நின்றுவிடும். 'ஈத்த' என்பது பெயரெச்சம். அது ஒரு பெயரைச் சேர்ந்தன்றி நில்லாது. செயல் முடிந்துபோயினும், அச்செயலைப் பொருளோடு பிணைத்து வைப்பது பெயரெச்சம். கொடுத்தவன் மறைந்தான், அவன் நாடும் மறைந்தது, பாளி நிற்கின்றது. அதனைக் காண்போர் யாவரும் 'ஈத்த' என்ற சொல்லையும் சேர்த்தே காண்கின்றனர். பெயரெச்சம் என்றால் என்ன என்று கேட்டு இலக்கண விடை பெறுவதைவிட, 'ஈத்த என்பதை ஈத்தான் என மாற்றினால் என்ன மாறும்?' என்று கேட்பது நூறு மடங்கு சிறந்தது.

அணிகளுக்கும் இதுவே பொருந்தும். ஔவையார் அதியமானை வாழ்த்தும்போது, நீல நிற மிடற்றையுடைய சிவபெருமானைப்போல நிலைத்து வாழ்க என்றார். இதில் உவமை எது, பொருள் எது, உவம உருபு எது என்று கேட்டு, 'போல' என்பதன் கீழ்க் கோடிட்டதும் வினா முடிந்துவிடுகின்றது. உண்மையில் வினா அங்கேதான் தொடங்க வேண்டும். இறைவனுக்கு எத்தனையோ அடையாளங்கள் இருக்க, மிடற்றை ஏன் புலவர் எடுத்தார்? அம்மிடறு பிறரைக் காக்க நஞ்சை ஏற்ற மிடறு என்பது புராணச் செய்தி. பிறர் வாழத் தான் நஞ்சுண்டான் இறைவன். பிறர் வாழத் தான் கனியை உண்ணாதொழிந்தான் அதியமான். நஞ்சுண்டும் இறவாதவனைப்போல நீயும், கனி உண்ணாமலே, இறவாதிருப்பாயாக என்பது வாழ்த்தின் உட்பொருள் எனலாம். உவமை பாட்டிற்குப் பூட்டிய நகையன்று. நன்றியின் முழு அளவையும் அஃது ஒன்றே ஏந்தி நிற்கின்றது.

அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற நிகழ்ச்சியும் பிள்ளைகள் படிக்கும் கதையே. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையுடன் காட்டினான். அங்கே வேல்கள் நெய் பூசப்பெற்று, மயிற்பீலியும் மாலையும் சூடி, காவலுடைய மனையில் அழகாக இருந்தன. ஔவையார் அவற்றின் அழகைச் சொன்னார். பின்னர், தம் மன்னனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். கேட்பவனுக்கு அது தன்னைப் புகழ்வதாகவும் அதியமானைப் பழிப்பதாகவும் தோன்றும். எண்ணிப் பார்த்தால், போரே காணாத வேல் இது, நாள்தோறும் போர் காணும் வேல் அது என்பது புலப்படும். புகழ்வதுபோல் பழித்தலும் பழிப்பதுபோல் புகழ்தலும் வஞ்சப் புகழ்ச்சி எனப்படும். இவ்வணியின் பெயரை அறியாவிடினும் குறையில்லை. இங்கே சொல்லின் முகம் ஒன்று, உள்ளம் ஒன்று என்பதை அறியாவிட்டால் கதை முழுவதும் தலைகீழாகும். அதியமான் பழைய வேல்களை வைத்திருந்த ஏழை மன்னன் என்று ஒரு மாணவன் எழுதினால், அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் அறிந்தும் கதையை அறியாதவன் ஆவான்.

அதியமான் போரில் வேல் பாய்ந்து மாண்டான். நெடுவாழ்வு தரும் கனியைக் கொடுத்தவன் முன்னே மறைய, அதனைப் பெற்றவர் இருந்து அழுதார். அவ்வழுகையும் புறநானூற்றில் பாட்டாக உள்ளது. மன்னன் மார்பில் தைத்த வேல் அங்கேயே நிற்கவில்லை என்கிறார் புலவர். அது பாணருடைய உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளின் ஊடே சென்று, அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் கண்களின் ஒளியை மழுக்கி, இறுதியில் புலவர் நாவிலே போய் விழுந்ததாம். ஒரு வேல் இத்தனை இடங்களில் பாயுமா என்று சிறுவன் ஒருவன் கேட்பான். கேட்க வேண்டும். பாயாது என்பதே விடை. பின் ஏன் அவ்வாறு பாடினார்? அவன் இறந்ததால் உணவின்றி வாடுவோர் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல இயலாது. அந்த வேல் சென்ற வழியைச் சொன்னால் விளங்கிவிடும். இதனை உயர்வு நவிற்சி என்று பெயரிடலாம். பெயரிடுவதற்கு முன், எது நிகழ்ந்தது, எது நிகழ்ந்ததன் ஆழத்தைக் காட்டச் சொல்லப்பட்டது என்று பிரித்தறிய மாணவர் பழக வேண்டும்.

வரலாற்றுக் கதையில் இப்பழக்கம் இன்றியமையாதது. அதியமான் நெடுமான் அஞ்சி என்பவன் இருந்தான் என்பதற்குக் கல் சான்று. அவன் ஔவையார்க்கு நெல்லிக்கனி கொடுத்தான் என்பதற்குப் பாட்டுச் சான்று. அக்கனி சாவை நீக்கும் என்பது அக்கால மக்களின் நம்பிக்கை. அவன் வேல் புலவர் நாவில் விழுந்தது என்பது அணி. இந்நான்கும் ஒரே கதையில் கலந்து வருகின்றன. நான்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பவன் இருவகைப் பிழைகளுள் ஒன்றைச் செய்வான். அணியையும் நடந்த செய்தியாக நம்பிவிடுவான். அல்லது, அணி ஒன்றைக் கண்டவுடன் கதை முழுவதும் பொய் என்று தள்ளிவிடுவான்.

இப்பிழையினின்று நம்மைக் காக்கும் கருவிகளைத் தமிழ் இலக்கணம் தன்னுள்ளே வைத்திருக்கின்றது. 'கொடுத்தான்' என்பது ஒன்று. 'கொடுத்தானாம்' என்பது வேறு. 'கொடுத்தான் என்பர்' என்பது இன்னும் வேறு. முதலாவது துணிந்து கூறுவது. இரண்டாவது கேள்விப்பட்டதைக் கூறுவது. மூன்றாவது, சொன்னவர் பிறர் என்று பொறுப்பைப் பிரித்துக் காட்டுவது. 'ஆம்' என்னும் ஒரு சிறு சொல் உண்மையின் எல்லைக்கல்லாக நிற்கின்றது. ஒருவர் கேட்டதை மற்றொருவர் தாம் கண்டதுபோல் மாற்றி, கைப்பேசி வழியே ஒரு நொடியில் ஊரெங்கும் பரப்பிவிடும் இந்நாளில், அவ்வெல்லைக்கல்லை அறிந்த பிள்ளைகளே நாட்டிற்குத் தேவை. 'என்றானாம்' என்று வந்ததை 'என்றான்' என மாற்றிச் சொல்பவன் இலக்கணப் பிழை மட்டும் செய்யவில்லை, அறப்பிழையும் செய்கிறான்.

இவ்வாறு சொல்வதனால், கதையின் ஒவ்வொரு வரியையும் கூறு போட வேண்டும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. முதல் வாசிப்பில் கதை தடையின்றி ஓட வேண்டும். ஆசிரியர் நடுவிலே நிறுத்தி, 'இங்கே என்ன புணர்ச்சி?' என்று கேட்பாராயின், அதியமான் கையிலுள்ள கனி ஔவையார் கைக்குச் சேரவே சேராது. கதை முழுவதும் உள்ளத்தில் படிந்த பின்னரே வினாக்கள் வரவேண்டும். அவையும் சிலவாகவே இருத்தல் நன்று. ஒவ்வொரு வினாவும் மாணவனைக் கதைக்குள்ளே திரும்ப அனுப்ப வேண்டும். கதையைப் படியாதவனும் விடையளிக்கக்கூடிய வினா அக்கதைக்குரிய வினா ஆகாது. பயிற்சிப் பகுதியை அமைப்போர்க்கு இந்த ஓர் அளவுகோல் போதும்.

இலக்கண விதிகளையும் அவற்றின் பெயர்களையும் கற்பிக்கவே வேண்டா என்று சொல்வாரும் உளர். அவர் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. தச்சன் உளிக்கும் இழைப்புளிக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கின்றான். பெயர் இல்லையேல் கருவியைக் கேட்டுப் பெற இயலாது. மாணாக்கனுக்குக் கற்பிக்கவும் இயலாது. பெயரெச்சம், வேற்றுமை, உவமை என்பனவும் அத்தகைய பெயர்களே. ஆனால், கருவிகளின் பெயரை ஒப்புவிப்பவன் தச்சன் ஆகமாட்டான். மரத்தில் உளி பட வேண்டும். கதையே அம்மரம்.

மாணவர்கள் மிகுந்த வகுப்பில் இவ்வாறு வினவிக் கற்பிக்க நேரம் ஏது என்று ஆசிரியர் சிலர் கூறக்கூடும். அவர்கள் சுமையை நான் எளிதாக எண்ணவில்லை. இருபது சொற்களுக்குப் பொருள் எழுதவைக்கும் நேரத்தில் இரண்டு சொற்களை ஆராயலாம். எஞ்சிய பதினெட்டையும் தாமே ஆராயும் வழியை அவ்விரண்டும் மாணவர்க்குக் கற்பித்துவிடும். மனப்பாடம் செய்த பொருள் தேர்வு நாள் வரையில் நிற்கும். தாமே கண்டறிந்த பொருள் வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். பயிற்சிப் பக்கம் வந்ததும் நூலை மூடிவிடாதீர்கள். கதையை மறுமுறை படிப்பதற்கான வாயில் அது. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், கேட்டுக் கொடுத்தாரா கேளாமல் கொடுத்தாரா, அதனைச் சொல்பவர் கண்டு சொல்கிறாரா கேட்டுச் சொல்கிறாரா என்று வினவுங்கள். அவ்வினாக்களுக்கு விடை தேடும்போது நீங்கள் இலக்கணம் கற்றுக்கொண்டிருப்பீர்கள். நெல்லிக்கனி கடித்தவுடன் துவர்க்கும். அதன்மேல் ஒரு வாய் நீர் பருகினால் இனிக்கும். இலக்கணத்தின் துவர்ப்பு மட்டும் அறிந்து அதனை உமிழ்ந்துவிட்டவர் பலர். அதன்மேல் கதை என்னும் நீரைப் பருகிப் பாருங்கள்.